எர்சிலியா சாகாத படம்

சான் எலோய் ஊரில் எடுத்த படம் எதுவானாலும் அதில் எர்சிலியா மொரேய்ரா செத்துப்போவாள். குண்டு பட்டுச் செத்திருக்கிறாள், ஆற்றில் மூழ்கிச் செத்திருக்கிறாள். செவ்வாய்க் கிரகத்திலிருந்து மாடு வாங்க வந்த ஒருவன் விலை படியாத கோபத்தில் அவளை முறைத்துப் பார்த்தே கொன்றான். அந்தப் படத்தில் அவன் வந்திறங்கிய வாகனம், இரண்டு துணி வெளுக்கும் அலுமினியத் தொட்டிகளைக் கவிழ்த்து ஒட்டியது. ஆனாலும் அவள் செத்த கட்டத்தில், படம் பார்க்கக் கூடைப்பந்துத் திடலில் உட்கார்ந்திருந்த ஊரே வாயடைத்துப் போனது.

காரணம் இருக்கிறது. போர்த்தோவியேஹோ நகரத்து ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரீகளிடம் நோயாளி பார்க்கப் பயிற்சி எடுத்தவள் எர்சிலியா. அன்று முதல் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் கழுவி, புரட்டிப் போட்டு, ஊட்டிவிட்டுப் பிழைக்கிறாள். எத்தனையோ பேர் அவள் கையில் போயிருக்கிறார்கள். சாவு பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும் காரியம் என்று அவளுக்குத் தெரியும். வாய் கொஞ்சம் திறக்கும், விரல் போர்வையில் எதையோ தேடும், பிறகு தேடாது. படத்தில் மற்றவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி விழுவார்கள். அவள் சும்மா நின்றுபோவாள்.

படம் எடுப்பவர் தோன் கெருபின் வேலெஸ்; எங்கள் பக்கத்தில் மரியாதைக்கு ஆணைத் தோன் என்போம், பெண்ணைத் தோன்யா என்போம். பேருந்து நிற்கும் இடத்தில் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இயக்குநர். சந்தையில் மலிவு வட்டுகள் விற்கும் கடையில் துருக்கி, ஹாங்காங், நைஜீரியா என்று எந்த நாட்டுப் படம் வந்தாலும் முதல் ஆளாக வாங்கிவிடுவார். அவர்கள் பேசுவது ஒரு சொல்லும் விளங்காது. அதனால் கதையை அவரே யூகித்துக்கொள்வார். அந்த யூகத்தைத்தான் எங்கள் பக்கத்துக் குதிரை, வெட்டுக்கத்தி, வாழைத்தோட்டத்தோடு சேர்த்துப் படமாக்குவார். வில்லனாக நடிக்க யாரும் முன்வருவதில்லை, மாமியார் வீட்டில் மரியாதை போய்விடும் என்று பயம். ஆகவே வில்லனும் அவரேதான்: கறுப்புத் தொப்பி, கன்னத்தில் மெழுகு உருக்கி ஒட்டிய தழும்பு.

அவர் படத்தில் சம்பளம் கிடையாது, சட்டம் ஒன்று உண்டு. படத்துக்குப் பொருள் கொடுத்தவர் கடைசிவரை உயிரோடு இருப்பார். குதிரை கொடுத்தவர், வேன் கொடுத்தவர், படப்பிடிப்புக்குச் சாப்பாடு போட்டவர், எல்லாரும் பிழைத்துக்கொள்வார்கள். வெறுங்கையோடு வந்தவர்கள் சாக வேண்டியதுதான். தோன் கொலோன் இன்ட்ரியாகோ ஐம்பதைத் தாண்டியவர், தொந்தி சேணத்தின் மேல் வழியும். ஆனாலும் ஊரில் அழகான வெள்ளைக் குதிரை அவருடையது என்பதால் எல்லாப் படத்துக்கும் அவர்தான் கதாநாயகன். எர்சிலியாவிடம் கொடுக்க எதுவும் இருந்ததில்லை. கேட்டதும் இல்லை. செத்துவிட்டு எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, அடுத்த நோயாளி வீட்டுக்குப் போய்விடுவாள்.

வினை அவள் வீட்டுக்குள்ளேயே வந்தது.

அம்மா தோன்யா பெத்ரோனாவுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கொண்டிருந்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு கிழமைகள், பிறகு பாதை. எர்சிலியா வேலைக்குப் போகும் நேரத்தில் அம்மாவை ஓர் இடத்தில் உட்கார வைக்க ஒரே வழி, கெருபின் படங்களை ஓட விடுவதுதான். எங்கும் எழுந்து போகமாட்டாள். தெரிந்த முகங்கள், தெரிந்த ஆறு, தெரிந்த குதிரை. பக்கத்து வீட்டு நெல்வா நடுவில் எட்டிப் பார்த்துத் தண்ணீர் கொடுப்பாள்.

கெருபின் கடைசியாக எடுத்த படத்தில் கறுப்புத் தொப்பிக்காரன் ஒரு பண்ணை வீட்டு வாசலில் எர்சிலியாவைச் சுடுகிறான். அவள் கதவு நிலையைப் பிடித்தபடி மெதுவாகச் சரிகிறாள். நன்றாகச் செய்திருந்தாள், அதுதான் தப்பாகப் போயிற்று. ஒரு மதியம் எர்சிலியா வீடு திரும்பியபோது அம்மா பெட்டியைக் குடைந்து கறுப்பு உடை எடுத்துப் போட்டுக்கொண்டு, சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா நீ? துக்கம் கேக்க வந்தியா?" என்றாள். "என் மகள சுட்டுப்புட்டான். நான் கண்ணால பாத்தேன்."

எர்சிலியா சிரித்துவிட்டாள். அன்று சிரித்தது அவளுக்கு வெகுநாள் உறுத்தியது.

மறதி அம்மாவிடமிருந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருந்தது. இதை மட்டும் விட்டுவைத்தது. அவள் தன் கல்யாணத்தை மறந்தாள், கணவனை மறந்தாள், மகள் செத்ததை மறக்கவில்லை. ஒவ்வொரு காலையும் துக்கத்தின் முதல் நாள். சாவு விழுந்த வீட்டில் எப்படி வாய் வைப்பது என்று தட்டைத் தள்ளிவிடுவாள். கறுப்புக் காப்பி மட்டும் இறங்கும். மற்றதெல்லாம் உதட்டைத் தாண்டாது.

எர்சிலியா செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். வட்டை ஒளித்து வைத்தாள். பயனில்லை, படம் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தன் முகத்தை அருகில் கொண்டுபோய்க் காட்டினாள். "அவ மாதிரியேதான் இருக்க, ஆனா அவ செத்துட்டாளே" என்று அம்மா இவளுக்கு ஆறுதல் சொன்னாள். பாதிரியாரை அழைத்து வந்தாள். அவர் உங்கள் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லச் சொல்ல, அம்மா அதை மோட்சத்தில் உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொண்டு அவருக்கு நன்றி சொன்னாள். நெல்வா வந்து ஊட்டிப் பார்த்தாள், அதற்கும் வாய் திறக்கவில்லை.

உடம்பு இறங்கத் தொடங்கியது. குளிப்பாட்டும்போது முதுகெலும்பு விரலில் தட்டியது. இடுப்பெலும்பு உரசும் இடத்தில் தோல் சிவந்திருந்தது. அடுத்து அந்த இடம் வெடிக்கும், வெடித்தால் இந்த உடம்பில் ஆறாது. சுகாதார நிலையத்து டாக்டர் நல்ல பையன். இதற்குமேல் இறங்கினால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் ஞாபகம் போனவர்கள் குழாயைப் பிடுங்குவார்கள், பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டிலோடு கட்டுவார்கள். அப்படிக் கட்டிய கைகளை எர்சிலியா தானே எத்தனையோ தடவை துடைத்துவிட்டிருக்கிறாள். அம்மா கையைக் கட்ட விடுவதில்லை என்று முடிவு செய்தாள். அப்படியானால் அம்மா சாப்பிட்டாக வேண்டும்.

அழுது உட்காருகிற பழக்கம் அவளுக்கு இல்லை. நேரே டயர் கடைக்குப் போனாள்.

கெருபின் ஒரு லாரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். தோன் கொலோன் நிழலில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். எர்சிலியா நடந்ததைச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அடுத்த படத்துல நான் சாகக்கூடாது. சுட்டது சரியாப் படல, தப்பிச்சு வீட்டுக்கு வாரேன். அப்படி ஒரு காட்சி வேணும். அம்மா அதப் பாக்கணும்."

கெருபின் இரும்புக் கம்பியைக் கீழே வைத்தார். அவருக்கு அது பெரிய அடி. அவள் சாவை நம்பித்தான் அவர் கதையே கட்டுவார்.

"எர்சிலியா, உன் மனசு எனக்குப் புரியுது. ஆனா ஊர்க்காரன் எதுக்கு வர்றான்? என் சண்டையப் பாக்கவா? நீ சாகுறதப் பாக்கத்தான் வர்றான். நீ பொழச்சு வந்தா காச திருப்பிக் கேப்பான்."

"இவரு குதிரை மேல ஏறுறதப் பாத்தே இன்னும் யாரும் திருப்பிக் கேக்கல" என்றாள் எர்சிலியா.

கொலோன் தொந்தி குலுங்கச் சிரித்தார். "அவ சொல்லுறதும் சரிதானப்பா."

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?" கெருபின் விடவில்லை. "பொருள் குடுக்குறவங்கதான் பொழைக்கலாம். இவளுக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லாப் பிணமும் எந்திரிச்சு வந்து நியாயம் கேக்கும். நீ என்ன குடுப்ப?"

"என் வீட்டக் குடுக்குறேன். வாசல், அடுப்படி, எல்லாம்." என்றாள் அவள். "எங்க அம்மாவையும் குடுக்குறேன். அவங்க அவங்களாவே இருப்பாங்க. நடிக்கச் சொல்லாதீங்க."

கெருபின் கைகளைத் துணியில் வெகுநேரம் துடைத்தார். எந்த இயக்குநருக்கும் இப்படி ஒன்று கிடைத்ததில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை என்றார். காலைதான் நல்லது, அம்மாவுக்கு அப்போதுதான் தெளிவு அதிகம் என்றாள் எர்சிலியா.

திட்டம் எளிமையானது. தோன்யா பெத்ரோனா வாசலில் நாற்காலியில் இருப்பாள். எர்சிலியா சுடப்பட்ட அன்று போட்டிருந்த அதே பூப்போட்ட சட்டையோடு, தூசி படிந்து, வெள்ளைக் குதிரையில் வந்து இறங்குவாள். குதிரையைக் கொலோன் பிடித்து வருவார். மகள் அம்மாவிடம் போய், நான் பிழைத்துவிட்டேன் என்பாள். அம்மா கண்ணால் பார்ப்பாள். நம்பினால் அன்றைக்கே நல்லது. நம்பாவிட்டாலும் படம் கையில் இருக்கும், தினமும் போட்டுக் காட்டலாம். படத்தில் பார்த்ததை நம்புகிறவள்தானே.

எல்லாவற்றையும் யோசித்தார்கள். தொப்பியை மட்டும் யோசிக்கவில்லை.

குதிரை கிடைத்த நாளில் குதிரை வேண்டிய காட்சிகள் எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிடுவது கெருபினின் வழக்கம். கொலோன் அடுத்த வாரம் குதிரையைத் தருவாரா, கோபித்துக்கொள்வாரா, யாருக்குத் தெரியும். அதனால் தன்னுடைய துரத்தல் காட்சியையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று விடிவதற்குள் மெழுகு ஒட்டி, கறுப்புத் தொப்பி போட்டு, இடுப்பில் துப்பாக்கியும் செருகிக்கொண்டு வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றார். ஊரில் அவரை அந்தக் கோலத்தில் பார்த்துப் பார்த்து யாருக்கும் அது கண்ணில் படுவதே இல்லை. எர்சிலியாவுக்கும் படவில்லை. அவள் குதிரையிலிருந்து விழாமல் இறங்குவது எப்படி என்ற கவலையில் இருந்தாள்.

குதிரை வந்தது. எர்சிலியா இறங்கினாள், இறங்கினாள் என்பதைவிட வழுக்கினாள். தூசிச் சட்டையோடு நாற்காலியை நோக்கி நடந்தாள்.

"அம்மா, நான் வந்துட்டேன்" என்றாள்.

அம்மா அவளைப் பார்க்கவேயில்லை. அவள் தோளுக்கு மேலாகக் கேமராவைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் நின்ற தொப்பியைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் ஏறியது. எழுந்தாள். வாரக்கணக்கில் பிடிமானம் இல்லாமல் எழுந்திராதவள், நாற்காலிக் கையை ஒரு தட்டுத் தட்டி எழுந்தாள். வாழைக்காய் மசிக்கிற மர உலக்கை அடுப்படி வாசலில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

"வாசலுக்கே வந்துட்டியா?" என்றாள். "எம் பிள்ளையச் சுட்டுப்புட்டு, எம் முன்னாலயே வந்து நிக்கிறியா?"

கெருபின் பின்னால் நகர்ந்தார். அவர் முழங்கை இடித்ததில் கேமரா தாங்கியின் மேலேயே சுழன்று அவர் பக்கம் திரும்பியது. பின்னால் கோழிக்கூண்டு. உலக்கை அவர் தோளில் இறங்கியது. பலமான அடி ஒன்றுமில்லை, உடம்பில்தான் ஒன்றுமே இல்லையே. ஆனால் இரண்டாவது அடிக்கு அவள் கை தூக்கும்போது கால் ஆடியது. எர்சிலியா பாய்ந்து போய் அம்மாவின் இடுப்பைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள். தடுக்கவில்லை, விழாமல் மட்டும் பிடித்தாள். அம்மாவின் உடம்பு முழுவதும் நடுங்கியது. இத்தனை நாளும் அது வருத்தத்தில் படுத்திருந்த உடம்பு. இது கோபத்தின் நடுக்கம் என்று பிடித்திருந்த கைகளுக்கே தெரிந்தது.

கெருபின் தொப்பியைக் கழற்றி, தோன்யா, நான்தான், டயர் கடைக் கெருபின் என்று சொல்ல வாயெடுத்தார்.

"செத்துப்போங்க, தோன் கெருபின்" என்றாள் எர்சிலியா, தாழ்ந்த குரலில்.

"நானா?"

"இப்பவே."

தன் படம் எதிலும் அவர் செத்ததில்லை. கேமராவே அவருடையது, அப்புறம் எப்படிச் சாவார். கடைசியில் ஆற்றைத் தாண்டித் தப்பித்து, அடுத்த படத்துக்கு வருவார். ஒரு கணம் அவர் எர்சிலியாவைப் பார்த்தார், உலக்கையைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த குச்சிக் கையைப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் சரியாக வைத்துக்கொண்டு செத்தார்.

அதைவிட மோசமான சாவை யாரும் பார்த்திருக்க முடியாது. நெஞ்சைப் பிடித்தார், வயிற்றைப் பிடித்தார், கோழிக்கூண்டைப் பிடித்தார். கோழிகள் பறந்தன. முழங்காலில் விழுந்து, எழுந்து, அன்னை மரியாளை அழைத்து, மறுபடி விழுந்தார். முடிந்தது என்று நினைத்தபோது ஒரு காலை உதறினார். தோன்யா பெத்ரோனா அந்தக் காலில் ஒன்று போட்டாள். பிறகு அவர் அசையவில்லை. குதிரைப் பக்கத்தில் கொலோன் கடிவாளத்தை வாயில் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார், கண்ணில் நீர் வழிந்தது. கேமரா தாங்கியின் மேல் நின்று ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த வேண்டியவர் தரையில் கிடந்ததால்.

அம்மா மூச்சு வாங்க நின்றாள். உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். அப்போதுதான் தன் இடுப்பைச் சுற்றியிருந்த கைகளைக் கவனித்தாள். திரும்பினாள். தூசி முகத்தைப் பார்த்தாள், பூப்போட்ட சட்டையைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் எங்க போயிருந்த?" என்றாள். "மூஞ்சியப் பாரு. போய்க் கழுவு, சாப்பிடலாம்."

எர்சிலியா முகம் கழுவவில்லை. அந்த நேரத்தை விட்டுவிட்டால் மறுபடி கிடைக்காது என்று தொழில் தெரிந்தவளுக்குத் தெரியும். அம்மாவை அடுப்படி மேசையில் உட்கார வைத்து, காலையிலேயே செய்து வைத்திருந்த வாழைக்காய் உருண்டையை உதிர்த்து, பாலாடைக்கட்டி சேர்த்து, சோளமும் வேர்க்கடலையும் வறுத்து இடித்த பொடியை மேலே தூவினாள். முதல் கவளம் சின்னதாக. விழுங்கும் வரை காத்திருந்தாள், தொண்டை அசைவதைப் பார்த்தாள். இரண்டாவது. அதிகம் கொடுக்கவில்லை, வெறும் வயிற்றில் அதிகம் கொடுத்தால் வெளியே வந்துவிடும். வாசலில் கெருபின் இன்னும் செத்தே கிடந்தார். எழுந்திரிக்கலாமா என்று ஒரு கண்ணைத் திறந்து கேட்டார். கொலோன் ஒரு சாக்கை அவர் மேல் போட்டு, கால்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அம்மாவுக்கு அந்தக் காலை ஞாபகமில்லை. எர்சிலியா அதை எதிர்பார்த்திருந்தாள். கெருபின் இன்னும் வெட்டி ஒட்டாத அந்தக் காட்சியை மட்டும் ஒரு வட்டில் பதிந்து கொடுத்திருந்தார். காலைச் சாப்பாட்டுக்கு முன் அதைப் போட்டுக் காட்டினாள், மற்ற வீடுகளில் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை கொடுப்பது போல. தொப்பிக்காரன் விழுவதை அம்மா முகம் சிவக்கப் பார்த்தாள். தன் கை உலக்கையைத் தூக்குவதைப் பார்த்து, யாரோ ஒரு கிழவி, நல்ல கிழவி என்றாள். மகள் பூப்போட்ட சட்டையோடு உயிரோடு நிற்பதைப் பார்த்தாள். வாய் திறந்தாள். கறுப்பு உடையை எர்சிலியா துவைக்க வேண்டும் என்று சொல்லி வாங்கி, நெல்வா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். இடுப்பில் சிவந்த இடம் மெல்ல வெளுத்தது.

படத்தைத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் போட்டபோது, எர்சிலியா பிழைத்து வந்ததை யாரும் கேட்கவில்லை. கெருபின் செத்ததற்கு அப்படி ஒரு கைதட்டல். திரும்பப் போடச் சொன்னார்கள், போட்டார். உலகத்தில் எங்கெங்கோ எடுத்த கிறுக்குப் படங்களையெல்லாம் தேடிப் பிடித்துக் காட்டுகிற விழா ஒன்று பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில் இருக்கிறதாம், தலைநகரத்திலிருந்து வந்த ஒருவர் அதற்கு அனுப்பி வைத்தார். அந்தக் கடைசிக் காட்சியை எழுதியது யார் என்று அங்கிருந்து கேட்டு வந்தபோது, வெகு நாள் உழைத்து எழுதியது என்று கெருபின் பதில் சொன்னார். செத்த ஆள் என்பதால் எர்சிலியா வீட்டுத் தெரு வழியாக அவர் போவதில்லை. ஆற்றோரமாகச் சுற்றித்தான் கடைக்குப் போகிறார். முனகிக்கொண்டேதான் போகிறார், ஆனாலும் போகிறார்.

தோன்யா பெத்ரோனாவுக்கு மறதி குணமாகவில்லை. அது குணமாகிற நோய் இல்லை. சில நாள் எர்சிலியாவை மகள் என்கிறாள். பல நாள் வேலைக்கு வந்த பெண் என்று நினைத்துக்கொள்கிறாள், கை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டுகிறாள். ஆனால் சாப்பிடுகிறாள். துக்க வீடு இல்லையே, பிறகென்ன.

ஒரு காலை பாதித் தட்டிலேயே அம்மா கையமர்த்தினாள். எர்சிலியா பயந்துபோய்க் குனிந்தாள், விழுங்கச் சிரமமா என்று தொண்டையைப் பார்த்தாள்.

"போதும், மிச்சத்த மூடி வை" என்றாள் அம்மா. "எம் மக வேலைக்குப் போயிருக்கா. மதியம் பசியோட வருவா."

எர்சிலியா தட்டை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மதியம் வாசல் வழியாக உள்ளே வந்து, அம்மா, நான்தான் என்று குரல் கொடுத்து, மேசையில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டாள். உருண்டை ஆறிப்போயிருந்தது. எதிரில் உட்கார்ந்த அம்மா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.